தீர்ப்பு இலவசம், அதன் இன்றைய நிலை விலைக்கு: சட்ட மாணவரும் நூலகமும்

2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, சுபாஷ் காசிநாத் மகாஜன் எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்னும் வழக்கில் தீர்ப்பளித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் வந்தால் வழக்குப் பதியுமுன் துணைக் கண்காணிப்பாளர் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் ஒப்புதலும், மற்றவர்களைக் கைது செய்ய மாவட்ட முதுநிலைக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதலும் வேண்டும். முன்பிணைக்கு முழுத் தடை இல்லை. அதன் கட்டளைகளின் சாரம் இவ்வளவே. இந்தத் தீர்ப்பின் முழு உரையும் இன்று எந்தக் கைப்பேசியிலும் காசின்றிக் கிடைக்கும்.

அதே எளிமையோடு கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தக் கட்டளைகள் இன்று உயிரோடு இல்லை என்பதுதான் அது. தீர்ப்பு வந்த பதின்மூன்றாம் நாள், ஏப்ரல் 2 அன்று, தலித் அமைப்புகள் நாடு தழுவிய முழு அடைப்பு நடத்தின. வட மாநிலங்களில் பலர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் 18ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை, கைதுக்கு எவருடைய முன் ஒப்புதலும் தேவையில்லை, எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு எப்படியிருப்பினும் முன்பிணைப் பிரிவு இச்சட்டத்தின் வழக்குகளுக்குப் பொருந்தாது என்று அப்பிரிவு கூறுகிறது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு சீராய்வில் பூர்வாங்க விசாரணை, கைது ஒப்புதல் தொடர்பான கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று பிருத்விராஜ் சௌஹான் வழக்கில் 18ஏ பிரிவு செல்லும் என்று உறுதியாயிற்று.

2018ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதி நூலக அலமாரியில் அப்படியே நிற்கிறது. பின்னால் என்ன நேர்ந்தது என்று அதன் ஓரத்தில் எவரும் எழுதி வைப்பதில்லை. அந்தத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு மாணவர் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குச் சென்றால் மதிப்பெண் குறையும். அதையே ஒரு காவல் நிலைய ஆய்வாளர் எடுத்துக்காட்டி, “முதலில் விசாரிக்க வேண்டும், பிறகு வாருங்கள்” என்று கூறும்போது, புகார்தாரரின் பக்கம் நிற்கும் மாணவருக்கு மறுமொழி தெரியாவிட்டால் இழப்பு வேறு வகையானது. சாட்சிகளை மிரட்டவும், ஊர்ப் பஞ்சாயத்தில் சமரசம் பேசவும் எதிர்த்தரப்புக்கு அந்த இடைவெளி போதும்.

ஒரு தீர்ப்பு இன்று செல்லுமா, திருத்தப்பட்டதா, பெரிய அமர்வால் மறுக்கப்பட்டதா என்று நொடியில் காட்டும் வசதியை எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தரவுத்தளங்கள் தருகின்றன. தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர் தம் விடுதி அறையிலிருந்தே அவற்றைத் திறக்கிறார். மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு சட்டக் கல்லூரி மாணவருக்கு, கல்லூரி சந்தா செலுத்தியிருந்தாலும், நூலகத்தின் சில கணினிகளில் வேலை நேரத்தில் மட்டுமே அது கிட்டுவது வழக்கம். மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவருக்கு அந்த நேரமும் இல்லை. தகுதி என்று பின்னர் அளக்கப்படுவதில் எவ்வளவு பங்கு கடவுச்சொல்லின் பங்கு என்பதை எவரும் கணக்கிடுவதில்லை.

கட்டணமில்லாத வழி

தீர்ப்பின் உரை எவருடைய சொத்தும் அன்று. நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடுவது பதிப்புரிமை மீறலாகாது என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே கூறுகிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தலைக்குறிப்பு முதலிய பதிப்பாசிரியரின் உழைப்புக்குப் பாதுகாப்பு உண்டு, நீதிபதி எழுதியதற்கு இல்லை. ஆகவே கட்டணத் தரவுத்தளத்தில் நாம் விலை கொடுத்துப் பெறுவது தீர்ப்பை அன்று. அதைச் சுற்றி அமைந்த குறிப்புகளையும், பிற தீர்ப்புகளோடு அதற்குள்ள உறவையும்தான். அந்த உறவை ஓரளவு கையாலேயே பின்னிவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் முடியும்.

உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பான எஸ்சிஆர் 2023 ஜனவரி 2 முதல் இ-எஸ்சிஆர் என்னும் பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடங்கிய நாளிலேயே ஏறத்தாழ 34,000 தீர்ப்புகள் அதில் இருந்தன. அதிகாரபூர்வத் தலைக்குறிப்பும் அதில் உண்டு என்பதால், தனியார் தலைக்குறிப்பை நம்பியிருக்கும் தேவை பெருமளவு குறைகிறது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளுக்குப் பொது மேற்கோள் எண் தரத் தொடங்கியது. ஆண்டு, ஐஎன்எஸ்சி என்னும் எழுத்துகள், வரிசை எண் ஆகிய மூன்றே கொண்ட அந்த எண்ணைக் குறித்தால் போதும். எந்தத் தனியார் தொகுப்பின் எத்தனையாவது பக்கம் என்று தேட வேண்டியதில்லை.

இந்தியன் கானூன் தளம் 2008 முதல் இயங்குகிறது. அதில் ஒரு தீர்ப்பைத் திறந்தால், அதை மேற்கோள் காட்டிய பிற தீர்ப்புகளின் பட்டியலுக்கான இணைப்பு இருக்கும். மகாஜன் தீர்ப்பைத் திறந்து, அந்தப் பட்டியலுக்குச் சென்று, புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் வடிகட்டினால், சீராய்வுத் தீர்ப்பும் பிருத்விராஜ் சௌஹானும் கண்ணில் படும். இதைச் செய்யாமல் எந்தத் தீர்ப்பையும் மனுவிலோ கட்டுரையிலோ எழுதக் கூடாது என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தேடுபொறி முதலில் காட்டுவது பெரும்பாலும் அதிகம் பேசப்பட்ட தீர்ப்பையே. செல்லுபடியாகும் தீர்ப்பை அன்று.

சட்ட உரைக்கு இந்தியா கோட் என்னும் அரசுத் தளம் போதும். பழைய அச்சுப் பிரதிகளிடம் எச்சரிக்கை வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சான பிரதியில் பொது இடத்தில் இழிவுபடுத்தும் குற்றம் 3(1)(எக்ஸ்) என்று இருக்கும். இப்போது அது 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என இரண்டாகப் பிரிந்துள்ளது. செருப்பு மாலை அணிவிப்பது, மீசையை மழிப்பது, சமூகப் புறக்கணிப்புச் செய்வது ஆகியவை தனிக் குற்றங்களாக வந்ததும் அந்தத் திருத்தத்தால்தான். பழைய பிரதியை வைத்துப் புகார் எழுதுபவர் இவற்றைத் தவறவிடுவார்.

ஜூலை 1க்குப் பின் ஒரு புதிய சிக்கல்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகியவை வந்தன. ஒரே இரவில் நூலக அலமாரிகளில் பாதி பழசாயிற்று. கொலைக்கான 302 இப்போது 103. பாலியல் வன்புணர்வுக்கான 376 இப்போது 64. முதல் தகவல் அறிக்கைக்கான 154 இப்போது 173. முன்பிணைக்கான 438 இப்போது 482. இந்தக் கடைசி எண்ணில் ஒரு குழி உண்டு. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுக்கள் அதன் கீழ் வந்தன. இப்போது அந்த அதிகாரம் 528இல் இருக்கிறது. ஒரு செய்தியில் “482 மனு” என்று கண்டால், எந்த ஆண்டின் மனு என்று பார்க்காமல் பொருள் கொள்ள முடியாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ 438 என்னும் பழைய எண்ணைத்தான் தன் 18ஆம் பிரிவில் கூறுகிறது. அப்படியானால் புதிய 482க்கு அந்தத் தடை பொருந்தாதா என்று குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பு கேட்கலாம். 1897ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம், 8ஆம் பிரிவில், இதற்கு விடை வைத்திருக்கிறது. நீக்கப்பட்ட ஒரு சட்டப் பிரிவு மறுபடி இயற்றப்பட்டிருந்தால், பழைய பிரிவைச் சுட்டும் இடங்களெல்லாம் புதிய பிரிவைச் சுட்டுவதாகவே கொள்ள வேண்டும். முதலாமாண்டில் எவரும் ஆர்வத்தோடு படிக்காத அந்தச் சிறு சட்டம் இப்போது பாதிக்கப்பட்டோரின் கையில் உள்ள நல்ல கருவிகளுள் ஒன்று.

இதைவிடப் பெரிய சிக்கல் புதிய 173(3)இல் உள்ளது. மூன்றாண்டுக்குக் குறையாத, ஆனால் ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றம் குறித்துத் தகவல் வந்தால், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு, முகாந்திரம் உண்டா என்று பதினான்கு நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் குற்றங்களுக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை தண்டனை. ஐந்தாண்டு என்னும் அந்த உச்ச வரம்பைக் காட்டி, இவையும் 173(3)இன் எல்லைக்குள் வருகின்றன என்று ஒரு காவல் அதிகாரி வாதிட இடமிருக்கிறது. 2018இல் மகாஜன் தீர்ப்பு திறந்த கதவை நாடாளுமன்றம் 18ஏ மூலம் அடைத்தது. இப்போது அதே கதவு பொதுச் சட்டத்தின் வழியாகத் திறக்கும் போலத் தோன்றுகிறது.

தோற்றம்தான், சட்டம் அப்படி இல்லை என்பதே நம் வாசிப்பு. அதற்கு மூன்று படிகள் உண்டு. முதலாவதாக, 18ஏ பிரிவு இச்சட்டத்தின் நோக்கங்களுக்குப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று நேரடியாகவே கூறுகிறது. இரண்டாவதாக, இச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேறு எந்தச் சட்டத்தில் எது இருப்பினும் இச்சட்டமே மேலோங்கும் என்கிறது. மூன்றாவதாக, புதிய நடைமுறைச் சட்டமே தன் 5ஆம் பிரிவில், மாறாகத் திட்டவட்டமான விதி இல்லாத வரை சிறப்புச் சட்டங்களைத் தான் பாதிக்காது என்று ஒப்புக்கொள்கிறது. இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி, சட்ட உரையின் அச்சுப் பிரதியோடு காவல் நிலையத்திற்கு எடுத்துச் செல்வது, பத்துப் பேர் சென்று குரல் எழுப்புவதற்கு மாற்றாகாது. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் கையில் அந்தத் தாள் இருப்பது அவசியம்.

புதிய சட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டாகச் சேர்ந்து இனம், சாதி, மொழி போன்ற காரணத்துக்காகச் செய்யும் கொலையை நியாய சன்ஹிதாவின் 103(2) தனியே குறிப்பிடுகிறது. சாதி என்னும் சொல் கொலைப் பிரிவிலேயே வந்துள்ளது. சாதி ஆணவக் கொலைகளில் இப்பிரிவு சேர்க்கப்படுகிறதா என்பதை முதல் தகவல் அறிக்கைகளைப் படித்துக் கண்காணிப்பது கல்லூரி அளவிலேயே செய்யத்தக்க நல்ல ஆய்வு.

தலைப்புச் செய்தியும் தீர்ப்பும்

சட்டச் செய்தித் தளங்கள் வந்த பிறகு, தீர்ப்பு வந்த அன்றே அதன் சுருக்கம் கைக்கு வந்துவிடுகிறது. அது நன்மையே. ஆனால் செய்தியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. அதன் விலையை விளக்க இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

2024 ஆகஸ்ட் 1 அன்று பஞ்சாப் மாநிலம் எதிர் தவிந்தர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு 6-1 என்ற பெரும்பான்மையில், பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டின் ஈ.வி. சின்னையா தீர்ப்பு வீழ்ந்தது. அருந்ததியர்க்கு 3 விழுக்காடு வழங்கும் தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த வழக்குத் தொகுப்பில் இருந்தது, அது நிலைத்தது. ஆனால் அன்று மாலையே பல ஊடகங்கள் “பட்டியல் சாதிகளுக்கும் கிரீமிலேயர்” என்று தலைப்பிட்டன. 565 பக்கத் தீர்ப்பில் ஆறு தனித்தனி உரைகள் உள்ளன. கிரீமிலேயர் குறித்து நான்கு நீதிபதிகள் ஆதரவாகக் கருத்துரைத்தது உண்மை. ஆனால் அமர்வின் முன் வைக்கப்பட்ட கேள்வி அதுவன்று. தலைமை நீதிபதியும் நீதிபதி மனோஜ் மிஸ்ராவும் இணைந்த உரை அதற்குள் செல்லவில்லை. வழக்கின் கேள்விக்கு விடையாக அமையாத கருத்து, பிணைக்கும் சட்டம் ஆகாது. ரேஷியோ, ஒபிட்டர் என்று முதல் பருவத்தில் படிக்கும் வேறுபாடு இதுவே. அதைத் தேர்வுக்கு எழுதிவிட்டுச் செய்தி வாசிக்கும்போது மறந்துவிடுகிறோம். உள்ஒதுக்கீட்டை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தலித் இயக்கத்திற்குள்ளேயே உள்ளனர். அந்த விவாதம் தலைப்புச் செய்தியின் மேல் நடந்தால் இரு தரப்புக்கும் பயனில்லை. அரசியல் சாசன அமர்வு விசாரணைகளின் எழுத்துப் படியையும் உச்ச நீதிமன்றத் தளம் வெளியிட்டு வருகிறது. எந்தக் கேள்வி வாதிக்கப்பட்டது, எது வாதிக்கப்படவில்லை என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்’ என்னும் தொடர். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது குற்றமாக வேண்டுமெனில் அது அத்தகைய இடத்தில் நிகழ வேண்டும். 2025 ஜனவரி 31 அன்று கருப்புடையார் வழக்கில், அரசு அலுவலக அறைக்குள் பட்டியல் சாதியைச் சேர்ந்த வருவாய்த் துறை அலுவலர் ஒருவரைச் சாதியைச் சொல்லித் திட்டியதாகத் தொடரப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து வந்தது. “அலுவலகத்துக்குள் திட்டினால் குற்றமில்லை” என்று செய்தி பரவியது.

தீர்ப்பைப் படித்தால் வேறொன்று புலப்படும். உடன் பணிபுரிவோர் சம்பவத்துக்குப் பின்னரே அங்கு வந்தனர் என்பது புகாரிலேயே இருந்தது. அதனால்தான் அந்த அறை பொதுப் பார்வைக்கு உட்பட்டதாகக் கொள்ளப்படவில்லை. 2008ஆம் ஆண்டின் ஸ்வரன் சிங் தீர்ப்பு, கட்டடத்துக்குள் நிகழ்ந்தாலும் உறவினரோ நண்பரோ அல்லாத பொதுமக்கள் அங்கிருந்தால் அது பொதுப் பார்வையே என்று வகுத்துவிட்டது. வீட்டின் வாயிலும், சாலையிலிருந்து காணக்கூடிய முற்றமும் அதற்குள் அடங்கும். 2020ஆம் ஆண்டின் ஹிதேஷ் வர்மா தீர்ப்பு, நான்கு சுவர்களுக்குள் வெளியார் எவருமில்லாத நிலையில் நிகழ்ந்ததை விலக்கியது. 2025 செப்டம்பர் 1 அன்று கிரண் எதிர் ராஜ்குமார் ஜீவராஜ் ஜெயின் வழக்கில், வீட்டுக்கு வெளியே நடந்த தாக்குதலைப் பொதுப் பார்வையில் நிகழ்ந்ததாகவே கொண்டு, பம்பாய் உயர் நீதிமன்றம் அளித்த முன்பிணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அறை முக்கியமன்று, அந்த நொடியில் அங்கிருந்த கண்களே முக்கியம் என்பது விளங்கும். ஆகவே புகார் எழுதுகையில் யார் யார் பார்த்தனர், எப்போது வந்தனர், எங்கிருந்து காண முடிந்தது என்பதை முதல் நாளே எழுத வேண்டும். பின்னால் சேர்ப்பது எடுபடாது.

இந்தக் கோட்பாட்டோடு நமக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணியிடத்தில் தலித் அலுவலர் மீது ஏவப்படும் இழிசொல் கதவை மூடிய பிறகே வருவது வழக்கம். சாட்சி இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுப்பதே ஒடுக்குபவரின் உத்தி. சட்டத்தின் இந்தச் சொற்றொடரை மாற்றக் கோரும் வாதத்தை உருவாக்க வேண்டியவர்களும் இன்று நூலகத்தில் அமர்ந்திருக்கும் மாணவர்களே. அதற்கு முதலில் தீர்ப்புகளின் வரிசை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சாதகமான தீர்ப்புகளுக்கும் இதே கதிதான். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உரிமை தரும் 15ஏ பிரிவை விளக்கி, பிணை விசாரணையில் பாதிக்கப்பட்டோருக்கு அறிவிப்பும் கேட்கப்படும் வாய்ப்பும் தருவது கட்டாயம் என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அறிவிப்பின்றி வழங்கப்பட்ட பிணையை எதிர்க்க இதைவிட நேரான கருவி இல்லை. ஆயினும் அது தலைப்புச் செய்தியாகாததால் பல செயற்பாட்டாளர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது.

அச்சு நூலகம், நகல், மொழி

எல்லாம் இணையத்தில் இல்லை. மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதல் வெளிவருகிறது. கோவில் நுழைவு, பொதுக் கிணறு, பஞ்சமி நிலம் குறித்த பழைய மெட்ராஸ் உயர் நீதிமன்ற வழக்குகளைத் தேடுவோர் அச்சுத் தொகுதிகளைப் புரட்டியே ஆக வேண்டும். கல்லூரி நூலகத்தில் கிடைக்காவிடில் சென்னையில் கன்னிமாரா நூலகம் உண்டு. நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023 முதல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பொதுமக்களுக்குத் திறந்துள்ளன. இவற்றுள் நுழைய எந்தக் கல்லூரியின் அடையாள அட்டையும் வேண்டியதில்லை.

நூல் விலை என்னும் தடைக்கு ஒரு தீர்ப்பு துணை நிற்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்னும் நகலகத்தின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவுக்கு நூற்பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாக மாணவருக்கு வழங்குவதைச் சட்டத்தின் 52(1)(ஐ) பிரிவு அனுமதிக்கிறது என்று விளக்கியது. ‘பதிப்புரிமை’ என்று கூறி நகலெடுக்க மறுக்கும் நூலகருக்கு இதைப் பணிவோடு காட்டலாம்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் நாடாளுமன்றத் தளத்தில் உள்ளன. தீண்டாமை ஒழிப்புப் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று அங்கே விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. ‘தீண்டாமை’ என்பதற்கு வரையறை தரப்படாதது குறித்து அன்று எழுந்த கேள்விகள் இன்றும் முடியவில்லை. 2018ஆம் ஆண்டின் சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி இந்து மல்ஹோத்ராவும் 17ஆம் உறுப்பின் எல்லை குறித்து எதிரெதிர் முடிவுக்கு வந்தனர். அந்த நாளின் விவாதத்தை நேரில் படித்த மாணவர் இருவரில் யார் வரலாற்றைச் சரியாகப் படித்தார் என்று தாமே முடிவு செய்யலாம். அம்பேத்கரின் எழுத்தும் பேச்சும் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுதிகளாக இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் தேட இங்கே எவருக்கும் வழி சொல்லத் தேவையில்லை.

மொழி எல்லாவற்றினும் கடினமான தடை. அரசியல் சாசனத்தின் 348ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே. இப்போது தீர்ப்புகள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வெளியாகின்றன. அவை புரிதலுக்கு மட்டுமே, ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்னும் அறிவிப்போடு வருகின்றன. இயந்திர மொழிபெயர்ப்பின் சாயல் அவற்றில் தெரியும். ஆயினும் முதல் வாசிப்புக்கு அவை உதவும். தமிழ் மொழிபெயர்ப்பில் வழக்கின் நிகழ்வுகளைப் படித்துவிட்டு, தீர்ப்பின் காரணங்களை ஆங்கிலத்தில் படிப்பது நல்ல நடைமுறை. 2003இல் விருத்தாசலம் அருகே நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட கண்ணகி, முருகேசன் வழக்கில் 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இம்முறையில் படிக்கப் பரிந்துரைக்கிறோம். காவல் துறையினர் இருவரின் தண்டனையும் அதில் உறுதியாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளில் சாட்சிகள் பலர் பிறழ்ந்த பின்னும் வழக்கு எப்படி நின்றது என்பது அதில் இருக்கிறது.

எதைக் கேட்க வேண்டும்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் அதன்வழி கிடைக்கின்றன. அது ஆய்விதழ்களுக்கானது. சட்ட மாணவருக்கு நாள்தோறும் தேவைப்படும் தீர்ப்புத் தரவுத்தளத்தைக் கல்லூரிதான் வாங்க வேண்டும்.

கல்லூரி என்ன வைத்திருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின் மூன்றாம் அட்டவணை, மத்திய மாநிலச் சட்டங்கள், கிரிமினல் லா ஜர்னல், எஸ்சிசி முதலியவற்றைப் பத்தாண்டுப் பழைய தொகுதிகளோடு நூலகம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அரசு சட்டக் கல்லூரி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் முப்பது நாட்களுக்குள் விடை வர வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் நூலகத்துக்கு ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும் எவ்வளவு. எந்தெந்தத் தரவுத்தளங்களுக்குச் சந்தா உள்ளது, எந்த நாளில் முடிகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையும் வசதி ஒப்பந்தத்தில் உண்டா, உண்டெனில் மாணவர்களுக்கு ஏன் தரப்படவில்லை. 2024 ஜூலை 1க்குப் பின் வாங்கிய குற்றவியல் சட்ட நூல்களின் பட்டியல் என்ன, அவற்றில் தமிழ் நூல்கள் எத்தனை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தப்பட்ட பிரதிகள் எத்தனை உள்ளன. இவற்றை மட்டும் கேட்டால் போதும். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையும் வசதி குறித்த கேள்வியை முதலில் வைக்கலாம். கல்லூரி ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட ஒன்றாக அது இருக்கக்கூடும்.